பார்க்கிற கடல் வேறு, குளிக்கிற கடல் வேறு

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். மே மாத நடுவில் என் கணவருக்கு 4 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் இருவரும் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. பெரியவனுக்கு 9 வயது, ஒரு வருடமாக நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கிறான். சின்னவளுக்கு 4 வயது, தலையில் தண்ணீர் ஊற்றினாலே அழுவாள். 68 வயதான என் மாமியாரும் வருகிறார், அவருக்கு மூட்டுவலி. கணவரின் நண்பர்கள் தனுஷ்கோடி போகச் சொல்கிறார்கள். என் தம்பி கேரளத்துக் கோவளம்தான் அழகு என்கிறான். மாமியாருக்கு ராமேஸ்வரம் போக ஆசை. பயமில்லாமல் குடும்பத்தோடு கடலில் இறங்க எந்தக் கரை நல்லது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதிய ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது 'மே மாத நடுவில்' என்பதுதான். கடற்கரையில் உயிர்காக்கும் வேலையிலும், அப்புறம் அந்த வேலைக்கு இளைஞர்களைப் பழக்குவதிலும் 18 வருடம் இருந்திருக்கிறேன். எந்தக் கடற்கரை நல்லது என்று யார் கேட்டாலும், எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஜனவரியில் குளம் போலக் கிடக்கும் கரை ஜூனில் ஆளைப் புரட்டிப் போடும். நண்பர்கள் ஒரு இடத்தை நல்லது என்று சொல்லும்போது, அவர்கள் போன மாதத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ தங்குங்கள். பிள்ளைகளை அரியமான் கடற்கரையில் குளிக்க விடுங்கள். தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம். கோவளத்தை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏன் அரியமான்? ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பத் தொடங்கும். தென்கடலின் மேல் அது தடையில்லாமல் வீசுவதால் அலை உயரும். வடகடலுக்கு அதே காற்று நிலத்தைத் தாண்டித்தான் வந்து சேர்கிறது, அதனால் கரையோரம் அலை எழும்புவதில்லை. பாக் விரிகுடாவில் ஆழமும் குறைவு, பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். தெற்கே பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகளை ராமேஸ்வரம் தீவும், ராமர் பாலத்து மணல் திட்டுகளும், அந்தப் பக்கம் இலங்கையும் சேர்ந்து தடுத்துவிடுகின்றன. அக்டோபர் பிறந்து வாடைக் காற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். வடகடல் பொங்கும், தென்கடல் ஓரளவு அடங்கும். நீங்கள் டிசம்பரில் போவதாக எழுதியிருந்தால் என் பதிலும் மாறியிருக்கும்.

அந்த நீண்ட அலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் கடலுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் தீராத கவலை. 'கள்ளக்கடல்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர், கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால். பூமியின் தென்கோடிக் கடலில் எங்கோ அடித்த புயலால் எழுந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து நம் தெற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம். நம் கரையில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளம் பிள்ளைகள் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. படித்தவர்கள், துடிப்பானவர்கள், கூட்டமாகப் போனவர்கள். இதில் எதுவும் அந்த அலைக்கு முன்னால் உதவவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்திகளிலும் வந்துவிடும். கிளம்புவதற்கு முந்தின நாளும், அங்கே போனபின் தினமும் காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொன்ன கோவளத்தை இதனால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன். அழகில் அதற்குக் குறையில்லை, உயிர்காப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் மே மாத நடுவில் மேற்குக் கரை பருவமழைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். கேரளத்தில் மழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அதற்கு முந்தைய வாரங்களில் கரையில் சிவப்புக் கொடி பறக்கிற நாட்கள் நிறைய. அவ்வளவு தூரம் போய், பிள்ளைகளைக் கரையிலேயே பிடித்து வைத்திருப்பது உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் ஏமாற்றம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். நம் கிழக்குக் கரை கொந்தளித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும்.

தனுஷ்கோடிக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரை பெரியவன் தொட்டுப் பார்க்கட்டும். கடல் என்றால் என்ன என்று அவனுக்கு அது சொல்லும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் ஒரு கையில் அமைதியான கடலும் மறு கையில் முரட்டுக் கடலும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் இரண்டு கடல் கூடும் இடத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், காலுக்குக் கீழே மணலும் நிலையாக இருக்காது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுக்கும்போதே காலடி மணல் கரைந்து தடுமாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிழலும் கிடையாது. மாலை 4 மணிக்கு மேல் போய், மணலில் நின்று பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள். மாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் ராமேஸ்வரத்திலேயே நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். சின்னவள் அங்கே உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

சரி, அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளி பக்கத்தில் பிரிந்து போக வேண்டும். கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்பு இருக்கிறது, உங்கள் மாமியாருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தண்ணீர் வெகு தூரம் வரை ஆழமில்லாமல் போகும். அலை என்று சொல்லக்கூட முடியாது, சின்னச் சின்ன மடிப்பாக வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். தண்ணீருக்குப் பயப்படும் 4 வயதுப் பிள்ளைக்குக் கடலை முதன்முதலாக அறிமுகப்படுத்த இதுதான் பொருத்தமான கடல். பளபளக்கும் நீலக் கடலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கரையில் கடற்புல் ஒதுங்கிக் கருப்பாகக் கிடக்கும், சில நாள் வாடையும் இருக்கும். அது குப்பை இல்லை. பாக் விரிகுடாவின் அடியில் புல்வெளி மாதிரி வளர்வது. அதை மேய்ந்துதான் ஆவுளியா என்னும் கடல்பசு வாழ்கிறது. அந்த ஆவுளியாவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-ல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. புல்லைக் கையில் எடுத்துக் காட்டி இதைச் சொன்னால் பெரியவன் நாலு நாளும் ஆவுளியாவைத் தேடிக்கொண்டிருப்பான்.

இந்த அமைதியான கரைக்கும் ஒரு ஆபத்து உண்டு. அமைதியான கடல் என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்பினால் நான் பாதிதான் சொன்னதாக ஆகும். கடல் அங்கே அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுவது என்றேன் அல்லவா? தண்ணீரில் மிதக்கிற எதையும் அதே காற்று உள்ளே தள்ளிக்கொண்டு போகும். சில வருடங்களுக்கு முன் ஒரு வடகடல் கரையில் காலை 8 மணி இருக்கும். ஒரு சிறுவனின் பிளாஸ்டிக் பந்து தண்ணீரில் விழுந்தது. அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர்தான். கை நீட்டும்போதெல்லாம் பந்து ஒரு முழம் தள்ளி உருண்டது. இன்னும் ஒரு எட்டு, இன்னும் ஒரு எட்டு என்று போய், திரும்பிப் பார்த்தபோது தோள் வரை தண்ணீர், கரை வெகு தூரத்தில். பதற்றத்தில் அவரால் நிற்கவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. வலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவரை ஏற்றினார்கள். பந்து போயே விட்டது. கரைக்கு வந்தபின் அவர் மகனைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

அதனால் காற்றடைத்த டியூப், வாத்துப் பொம்மை மிதவை, ஊதும் படகு எதுவும் வேண்டாம். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். மே மாத வடகடலில் அது பாய்மரம். பந்து விளையாட வேண்டுமானால் தோப்புக்குள் விளையாடட்டும். தண்ணீருக்குள் போய்விட்ட எந்தப் பொருளையும் யாரும் எடுக்கப் போகக் கூடாது என்று வீட்டிலேயே பெரியவனிடம் சொல்லி, அவன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள்.

பெரியவன் நீச்சல் கற்றிருப்பது நல்ல விஷயம். ஆனால் குளத்தில் தரை தெரியும், பிடிக்கச் சுவர் இருக்கும், தண்ணீர் நகராது. கடலில் இந்த மூன்றுமே இல்லை. அவனுக்கு எல்லை அவன் இடுப்பு, உங்கள் கணவரின் இடுப்பு இல்லை. கணவர் அவனுக்கும் ஆழத்துக்கும் நடுவில் நிற்கட்டும், கடலுக்கு முதுகைக் காட்டி, பிள்ளையைப் பார்த்தபடி. சின்னவள் எப்போதும் உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில். யார் எந்தப் பிள்ளையைப் பார்க்கிறோம் என்று இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'நீ பார்க்கிறாய் என்று நினைத்தேன்' என்ற வார்த்தையை என் வேலையில் நான் கேட்டது போதும். மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது கத்த மூச்சு இருக்காது. சத்தம் கேட்டால் திரும்பலாம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்காது. அந்த ஒரு மணி நேரம் போன் உங்கள் மாமியாரின் பையில் இருக்கட்டும்.

உடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நீலம், வெள்ளை, சாம்பல் நிறத்தில் எடுத்துப் போகாதீர்கள், தண்ணீருக்குள் அவை கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்பு நல்லது. முழுக்கை இருந்தால் வெயிலுக்கும் ஆச்சு. நீங்கள் சுடிதாரோடு இறங்கினால் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். நனைந்த துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் காலைச் சுற்றினால் முழங்கால் தண்ணீரிலேயே எழுந்து நிற்க முடியாது.

ஆழமில்லாத மணல் கடலில் திருக்கை மீன் மணலுக்குள் புதைந்து கிடக்கலாம். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது முன்கூட்டியே விலகிப் போய்விடும். பிள்ளைகளுக்கு இதை ரயில் விளையாட்டு மாதிரி சொல்லிக் கொடுங்கள். சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரிலும் கழுவக் கூடாது. கடல் நீரிலேயே அலசி, ஒட்டியிருப்பதை அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு, சூடு தாங்குகிற அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். பெரியவர் கையால் சூட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள். மூச்சுத் திணறினாலோ உடம்பு வீங்கினாலோ நேராக மருத்துவமனைதான்.

யாராவது ஆழத்தில் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதுதான் குடும்பச் சுற்றுலாக்களில் நடக்கும் பெரிய துயரம். காரில் மூடி இறுகிய 5 லிட்டர் காலிக் கேன் ஒன்றும், அதன் கைப்பிடியில் கட்டிய 15 மீட்டர் நைலான் கயிறும் வைத்துக்கொள்ளுங்கள். அதை எறிந்தால் பிடித்துக்கொண்டு மிதக்கலாம், நீங்கள் கரையிலிருந்தே இழுக்கலாம். கரையில் மீனவர்கள் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், ஆட்களும் ஊரில்தான் இருப்பார்கள். கடலோரக் காவல் குழும எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்குவது, சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எதையும் யாரையும் செய்ய விடாதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதிலிருந்து தொடங்க வேண்டும், அப்புறம் மார்பை அழுத்த வேண்டும். கிளம்புவதற்கு முன் நீங்களும் கணவரும் ஏதாவது முதலுதவி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதைப் பழகிவிட்டால் எனக்கு நிம்மதி. தண்ணீர் குடித்துத் திணறிய பிள்ளை எழுந்து ஓடினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், சில மணி நேரம் கழித்தும் மூச்சு வாங்கக்கூடும்.

பயண நாட்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். காரில் கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக ராமநாதபுரம் போய்ச் சேரவே முதல் நாள் பெரும்பாலும் போய்விடும், அன்று கடலுக்கு ஓடாதீர்கள். களைத்த பெற்றோர் கண் அசந்துவிடும். இரண்டாம் நாள் காலை 6 மணிக்கெல்லாம் அரியமானில் இருங்கள், எட்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயில், அதற்கு மேல் மணல் பாதத்தைப் பொசுக்கும். மூன்றாம் நாள் விடியற்காலையில் ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் கடல் அடங்கியிருக்கும், உங்கள் மாமியார் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடலாம். காலடியில் யாரோ விட்டுப்போன துணி சிக்கும், பார்த்து நடக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடுவதென்றால் பிரகாரம் முழுக்க ஈரத்தரை, வழுக்கும், மூட்டுவலிக்காரருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் மனம் ஆறாவிட்டால் கணவர் கூடவே போகட்டும். அன்று மாலை தனுஷ்கோடி. நான்காம் நாள் காலை மறுபடியும் அரியமான், சின்னவளுக்காக.

ஏனென்றால் அவள் முதல் நாளே இறங்க மாட்டாள். இழுக்காதீர்கள், தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். 'பார், அண்ணன் பயப்படுறானா' என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். தண்ணீர் வந்து தொடுகிற கோட்டுக்கு இரண்டடி மேலே அவளோடு உட்கார்ந்து, முழங்கால் அளவுக்கு மேல் போகாத ஒரு சின்னக் குழி தோண்டுங்கள். ஊற்று சுரந்து குழி தானாக நிறையும். அதில் கையை விடுவாள், சிப்பி கழுவுவாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அலை வந்து குழியைத் தொடும், அவள் எழுந்து ஓடுவாள், மறுபடி வருவாள். முதல் காலையில் அவ்வளவுதான் நடக்கும், அது போதும். நான்காம் நாள் அவளாகவே உங்கள் விரலைப் பிடித்து இழுத்தால் கணுக்கால் அளவுக்குப் போங்கள். இழுக்காவிட்டாலும் ஒன்றும் குறையில்லை, அடுத்த கோடை இருக்கிறது.

ஒருவேளை நீங்கள் போகிற காலையில் அங்கேயும் தண்ணீர் கலங்கி அடித்துக்கொண்டிருந்தால், கரையில் இருக்கும் மீனவர் யாரிடமாவது 'அண்ணே, இன்னைக்குப் பிள்ளைகளை இறக்கலாமா' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வண்டியைத் தேவிபட்டினத்துக்குத் திருப்புங்கள். ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலேயே, கடலுக்குள் நவபாஷாணக் கற்கள் இருக்கும் இடம், அதுவரை நடைமேடை போட்டிருக்கிறார்கள், உங்கள் மாமியாரும் சிரமமில்லாமல் நடக்கலாம். வழியில் பனைமரத்தடியில் நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள், மே மாதம் அதற்கு நல்ல பருவம். ஆளுக்கு நாலு கண் வாங்கிக் கொடுங்கள்.